சன்ஸ்கிறீன் சுருள் சுருளாக உருண்டு வந்தது: காரணம் ஜெல்

சன்ஸ்கிறீன் பூசி 5 நிமிடத்தில் தாடையோரத்திலும் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் அழிறப்பர் துகள் போல வெள்ளைச் சுருள்கள். நாலு நாள் இதோடுதான் போனது. இப்போது நிம்மதி.

தோல் உரிகிறது என்று நினைத்து முதலில் ஸ்கிரப் போட்டேன். கன்னம் எரிந்ததுதான் மிச்சம். மேலே போடும் பவுடர்தான் காரணமோ என்று வெள்ளவத்தையில் வேறு பவுடர் வாங்கினேன், அதுவும் சரிவரவில்லை. பவுடரே போடாத அன்றும் சுருள் வந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது: கழுத்தில் எதுவுமே இல்லை. சன்ஸ்கிறீனுக்கு முன் முகத்துக்குப் பூசும் கற்றாழை ஜெல்லைக் கழுத்துக்கு நான் பூசுவதில்லை.

உடனே புறங்கையில் பூசிப் பார்த்தேன். சன்ஸ்கிறீன் மட்டும் பூசினால் வழுவழுவென்று படிந்தது. ஜெல்லுக்கு மேல் பூசித் தேய்த்தால் பத்துச் சுற்றுக்குள் சுருள். ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமர் தோலில் மெல்லிய படலமாகக் காயும். அதன்மேல் டைமெதிக்கோன் என்ற சிலிக்கோன் கலந்த சன்ஸ்கிறீனைத் தேய்த்தால் படலம் கிளம்பி உருளும். கொழும்புப் புழுக்கத்தில் ஜெல் லேசில் காயாது, அதனால் இன்னும் மோசம்.

இப்போது ஜெல் அரைப் பட்டாணி அளவுதான். பிறகு மின்விசிறிக்குக் கீழே 10 நிமிடம். சன்ஸ்கிறீனைக் குறைக்கவில்லை, குறைத்தால் வெயில் காப்பும் குறையும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்து, இரண்டு தடவையாக, தேய்க்காமல் உள்ளங்கையால் ஒற்றி ஒற்றிப் பூசுகிறேன். பஸ்ஸில் வேர்த்தால் ரிஷ்யூவால் ஒற்ற வேண்டும். இழுத்துத் துடைத்தால் திரும்பவும் உருளும்.