அடக்க ஆராதனைக்குப் பின் வரும் நாட்கள்: விசுவாசத்தோடு துக்கிப்பது எப்படி?

பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் துக்கம் வீட்டுக்குள் குடிவருகிறது. அதுவரை போதகரும் சபையாரும் சொந்தபந்தங்களும் சூழ நின்றதால் தாங்கிக்கொள்ள முடிந்ததை, அதன்பின் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிக்கொள்ளும் வழியை, என் தாயாரை இழந்து அதில் தட்டுத்தடுமாறி நடந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், அழுகையை அடக்காதீர்கள். "விசுவாசி இப்படி அழலாமா?" என்று துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் ஒருவராவது கேட்பார்; "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற யோபுவின் வார்த்தையையும் நினைவூட்டுவார். அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபித்தான் என்பதையும், புத்தகத்தின் முடிவில் தேவனுடைய கோபம் மூண்டது அவனுக்குப் புத்தி சொன்ன நண்பர்கள்மேல்தான் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுலும் துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார்.

இதற்கு யோவான் 11ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிப்பது மிகுந்த உதவியாக இருக்கும். லாசரு இறந்து நான்கு நாளாகிவிட்டது. அவன் சகோதரிகளான மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே இயேசுவிடம் வந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்து, கடைசியில் கைவிட்டுவிட்டார்கள் என்று கேட்ட எவருக்கும் அந்த வார்த்தை புதிதல்ல. மார்த்தாளுக்கு இயேசு, "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று பதில் சொல்கிறார். மரியாளுக்கோ அப்படிப் போதிக்கவில்லை. அவள் அழுவதைக் கண்டு கலங்கி, கண்ணீர் விடுகிறார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் அவர் அழுதார் என்றால், உயிர்த்தெழுதலை நம்புவதற்கும் அழுவதற்கும் பகையில்லை என்றுதான் பொருள். உங்களுக்கு இன்று தேவைப்படுவது மார்த்தாளுக்குக் கிடைத்ததா, மரியாளுக்குக் கிடைத்ததா என்று பாருங்கள். இரண்டையும் அவரிடம் கேட்கலாம்.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்கள் உண்டு. அப்போது நீங்களாக வார்த்தை தேட வேண்டாம். சங்கீதம் 13ஐ எடுத்து, வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம்தான். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்ற முறையீட்டில் தொடங்கி, விண்ணப்பத்தைக் கடந்து, ஆறாம் வசனத்தில் பாட்டுக்கு வருகிறது. அந்தப் பாட்டு வரைக்கும் போக மனம் ஒப்பவில்லையென்றால் இரண்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள்; நாளை மீதியை வாசிக்கலாம். விடியலே தென்படாமல் இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதமும் வேதாகமத்தில் இருக்கிறது.

எனக்கு நம்பிக்கை திரும்ப வந்தது பிரசங்கத்தால் அல்ல. ஜிப் வைத்த உறைக்குள் இருந்த அம்மாவின் பைபிளை மூன்று மாதம் நான் திறக்கவேயில்லை. திறந்தபோது, சங்கீதம் 121க்குப் பக்கத்து ஓரத்தில் நீல மையால் என் பெயரின் முதலெழுத்தும் ஒரு தேதியும் எழுதியிருந்தது; எனக்கு டைஃபாய்டு வந்த வருடம் அது. அன்றுமுதல் அவர்கள் கோடிட்ட வசனங்களை மட்டும், நாளுக்கு ஒன்றாக வாசித்தேன். உங்கள் வீட்டிலும் இறந்தவரின் பைபிளோ பாட்டுப்புத்தகமோ இருந்தால் அதை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.

சாப்பாடும் தூக்கமும் இந்த வழியின் பகுதிதான். சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் முதலில் எழுப்பியது, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கத்தான்.

"இவ்வளவு ஜெபித்தும் ஏன் குணமாகவில்லை, என் விசுவாசம் குறைவோ?" என்ற குற்றவுணர்வு பலரை உள்ளுக்குள்ளேயே அரிக்கிறது. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் இயேசு மூன்றுதரம் ஜெபித்தும் பாடுகளின் பாத்திரம் அவரைவிட்டு நீங்கவில்லை. அவருடைய விசுவாசம் குறைவென்று எவரும் சொல்வதில்லை. "தேவன் தம் தோட்டத்துக்குப் பூவைப் பறித்துக்கொண்டார்" என்பது போன்ற ஆறுதல்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரம் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்றே அழைக்கிறது. அந்தச் சத்துரு தோற்கும் என்பதுதான் நம் நம்பிக்கை. அது நண்பன் என்பதல்ல.

ஆராதனைக்குப் போக மனம் வராவிட்டாலும் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். உங்களால் பாட முடியாத பாட்டை மற்றவர்கள் உங்களுக்காகப் பாடுவார்கள். மாதங்கள் கடந்தும் உறக்கமும் உணவும் திரும்பாவிட்டால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும், தமிழிலும், இலவசமாகப் பேசலாம். இது விசுவாசக் குறைவாகாது.

முதல் கிறிஸ்துமஸும் முதல் நினைவுநாளும் எதிர்பாராமல் வந்து அடிக்கும் என்பதால், யாரோடு இருக்கப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, நாங்கள் காலையிலேயே துடைப்பமும் சுண்ணாம்பும் கொண்டுபோய்க் கல்லறையைச் சுத்தம்செய்கிறோம். மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றி, "சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று விசுவாசப்பிரமாணத்தைக் கடைசிவரை சொல்கிறோம். காற்றில் திரி அணைந்துகொண்டே இருக்கும். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் தீப்பெட்டியை நீட்டியபடி, "உங்களுக்கு யாரு?" என்று கேட்பார்கள். "அம்மா," என்று சொல்லிவிட்டு, "உங்களுக்கு?" என்று நானும் கேட்பேன்.