குளிர்பதனப் பொருள் 'லெத்தல்' ஆகுமா? டேட்டா ஷீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழுத்தக் கலனுக்கான டேட்டா ஷீட்டில் 'லெத்தல் சர்வீஸ்: ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம் இருக்கும்; கலனுக்குள் இருக்கும் பொருள் உயிரைப் பறிக்கும் அளவுக்கு நச்சா என்பதே கேள்வி. அம்மோனியா ரிசீவருக்கான (குளிர்பதன அமைப்பில் திரவ அம்மோனியாவைத் தேக்கும் கலன்) ஷீட்டுகளில் அது காலியாகவே வந்து சேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காலியாக விட்டவர், கலனைச் செய்பவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்; செய்பவரோ, ஒன்றும் எழுதப்படாததால் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்கிறார். முதல் தவறு இதுதான். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் அழுத்தக் கலன் நெறிமுறையான ஏஎஸ்எம்இ பிரிவு 8, டிவிஷன் 1-இன்படி, ஒரு பொருள் லெத்தலா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டியவர் கலனைப் பயன்படுத்துபவர் அல்லது அவருடைய முகவர். கட்டம் காலியாக இருந்தால், கலனைச் செய்பவர் தாமே ஊகிக்காமல் எழுத்தில் பதில் கேட்டுப் பெற வேண்டும்.

லெத்தல் பொருள்களின் பட்டியலை நெறிமுறையில் தேடுவது அடுத்த தவறு. அப்படி ஒரு பட்டியல் அதில் இல்லை. அதிலுள்ள யூடபிள்யூ-2 என்ற பத்தி தருவது ஒரு வரையறையைத்தான்: மிகச் சிறிய அளவு வாயுவோ ஆவியோ, காற்றோடு கலந்தோ கலவாமலோ சுவாசிக்கப்பட்டால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நச்சுப் பொருள். இதில் 'சுவாசம்', 'மிகச் சிறிய அளவு' என்னும் இரண்டும்தான் உயிர்நாடி. புரொப்பேன் எரியும் என்பதாலோ, கார்பன் டை ஆக்சைடு 25 டிகிரியில் ஏறத்தாழ 64 பார் அழுத்தம் காட்டும் என்பதாலோ அவை இந்த வரையறைக்குள் வந்துவிடா. தீயும் அழுத்தமும் வேறு விதிகளில் கவனிக்கப்படுபவை.

அதிகம் குழப்புவது, குளிர்பதனப் பொருள்களை நச்சுத்தன்மைப்படி 'ஏ', 'பி' என வகைப்படுத்தும் ஆஷ்ரே 34 தரநிலை தரும் எழுத்து. 'பி' வகை என்றால் நச்சு அதிகம், ஆகவே லெத்தல் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எழுத்தைத் தீர்மானிப்பது, நாள்தோறும் வேலையிடத்தில் சுவாசிப்பதற்கான வரம்பு 400 பிபிஎம்-க்குக் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கீழா மேலா என்பதே. ஆர்-123 என்ற குளிர்பதனப் பொருள், அம்மோனியா இரண்டுமே 'பி'தான்; ஆனால் ஒருமுறை கசிந்தால் அறைக்குள் அனுமதிக்கத்தக்க செறிவு என்று அதே தரநிலை ஆர்-123-க்கு 9,100 பிபிஎம்-ஐயும் அம்மோனியாவுக்கு 320 பிபிஎம்-ஐயும் தருகிறது. ஒரே எழுத்துக்குள் ஏறத்தாழ 28 மடங்கு வேறுபாடு! ஐரோப்பிய அழுத்தக் கருவி விதியில் அம்மோனியா குழு 1-இல் இருப்பதையும் இப்படியே லெத்தலுக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அந்தக் குழுவில் எரியும் பொருள்களும் அடக்கம்.

ஒப்பிட வேண்டுமானால், உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் குறித்த செறிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ஃபாஸ்ஜீன் 2 பிபிஎம், ஹைட்ரஜன் சயனைடு 50, அம்மோனியா 300. குளிர்பதனத் துறையில் அம்மோனியாக் கலன்களை லெத்தலாகக் கொள்ளாத வழக்கம் இந்த இடைவெளியோடு பொருந்துகிறது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் "எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்பது ஆவணம் ஆகாது. எந்த அளவை வைத்து, எந்த இடத்துக்காக, யார் முடிவு செய்தார் என்பதைப் பயன்படுத்துபவர் எழுதி வைக்க வேண்டும்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று 'ஆம்' போடுவதும் தவறே. அந்த ஒரு சொல்லால் பட் வெல்டுகளுக்கு (விளிம்போடு விளிம்பு சேர்த்த பற்றவைப்புகள்) முழு ரேடியோகிராஃபி (ஊடுகதிர்ச் சோதனை), கார்பன் ஸ்டீல் கலனுக்கு வெல்டிங்கிற்குப் பின் வெப்பப் பதப்படுத்தல், எஸ்ஏ-36 என்ற சாதாரணக் கட்டமைப்பு ஸ்டீல் தகட்டுக்குத் தடை, பெயர்ப்பலகையில் 'எல்' குறி எல்லாம் வந்து சேரும். பாதித் தகடு வெட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் வேலை முதலிலிருந்து தொடங்கும்.

இதற்கு எதிர்த்திசையில் நடக்கும் தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. 'இல்லை' என்று முடிவானதும், இனி வெப்பப் பதப்படுத்தல் தேவையில்லை என்று செலவைக் குறைக்க முனைபவர் அந்த வரியையும் அடித்துவிடுகிறார். அம்மோனியாவில் காற்று கலந்தால், அதிலுள்ள ஆக்சிஜனால் கார்பன் ஸ்டீலில் தகைவு அரிப்பு விரிசல் (உள்ளிழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் விரிசல்) உண்டாகலாம். வெல்டிலும், குளிர்நிலையில் வளைத்த டிஷ்டு எண்டின் (கலனின் குவிந்த மூடி) வளைவிலும் தேங்கி நிற்கும் தகைவே அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தத் தகைவைத் தணிப்பதற்கான பதப்படுத்தலுக்கும் லெத்தல் கட்டத்துக்கும் தொடர்பே இல்லை. ஆகவே டேட்டா ஷீட்டில் அதைத் தனி வரியாக, 'தகைவு அரிப்பு விரிசலைத் தவிர்க்க' என்ற காரணத்தோடு எழுதுங்கள். லெத்தல் கட்டத்தில் யார் எதை மாற்றினாலும் அந்த வரி அப்படியே நிற்கும்.