பனைக்கு மேலே ஒரு ஹாம் வைஃபை

வெளிப்புற வைஃபை பெட்டியை ஹாம் (அமெச்சூர் வானொலி) வலையமைப்புக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை. யாழ்ப்பாணத்தில் இழுபடுவது அதை எவ்வளவு உயரத்தில் ஏற்றுவது என்பதில்தான்.

4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை ஹாம் அழைப்புக்குறி கையில் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். இருக்கிறவர்களும் 2.4 கிகாஹேர்ட்ஸில் எந்தப் பகுதி, எவ்வளவு சக்தி என்று உரிமத்தை எடுத்துப் பாருங்கள். ஹாம் அலைவரிசையில் மறைகுறியாக்கம் கூடாது, அதனால் வைஃபை கடவுச்சொல் கிடையாது, வாட்ஸ்அப், வங்கி வேலை, வியாபாரம் ஒன்றும் இதற்குள் வரக்கூடாது. கமரா, குரல் அழைப்பு, உள்ளூர்ச் செய்திக்குத் தாராளமாகக் காணும்.

யுபிக்விட்டி ராக்கெட் எம்2, டிபி-லிங்க் சிபிஇ210 மாதிரிப் பெட்டிகளில் ஏஆர்இடிஎன் (AREDN) என்ற ஹாம் வலையமைப்பு மென்பொருள் ஏறும். வாங்க முன்னர் எந்தப் பெட்டிகளில் ஏறும் என்று ஏஆர்இடிஎன் குழுவின் பட்டியலைப் பாருங்கள். நினைவகம் குறைந்த பழையதை மலிவு என்று வாங்கினால் புதிய பதிப்பு ஏறாது. யுபிக்விட்டி என்றால் கணினிக்கு 192.168.1.10 என்று முகவரி கொடுத்து, ரீசெட்டை அழுத்தியபடியே கரண்ட் கொடுத்து, விளக்குகள் மாறி மாறிச் சிமிட்டும்வரை விரலை எடுக்காதீர்கள். பெட்டி 192.168.1.20இல் காத்திருக்கும், டிஎஃப்டிபி (TFTP) என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையில் மென்பொருள் கோப்பை அனுப்புங்கள்.

பெட்டிக்குப் பெயர் கேட்கும்போது அழைப்புக்குறியில் தொடங்குங்கள், உங்கள் அடையாளம் அதுதான். சேனலும் அதன் அகலமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். 20 மெகாஹேர்ட்ஸிலிருந்து 5க்கு இறக்கினால் வேகம் குறையும், ஆனால் இரைச்சலும் 6 டெசிபெல் இறங்கும். தூர இணைப்புக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் உயரம். இங்கே மலையும் இல்லை, மேடும் இல்லை, இருப்பதெல்லாம் பனை. எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள்: 5 கிலோமீற்றர் இணைப்பில் நடுவழியில் அலை சுமார் பன்னிரண்டரை மீற்றர் ஆரத்துக்கு விரியும், அதில் அறுபது வீதமாவது, அதாவது ஏழரை மீற்றர், நேர்கோட்டைச் சுற்றித் தடையில்லாமல் இருக்கவேண்டும். ஓலை நடுவில் வந்தால், அதுவும் மழையில் நனைந்த ஓலை என்றால், சிக்னல் படுத்துவிடும். வேலணைப் பக்கம் கடல்நீரேரிக்கு மேலால் அடிப்பவர்களுக்கு வேறு தொல்லை, தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலை நேரலையோடு மோதும். அன்ரெனாவை ஒரு மீற்றர் ஏற்றி இறக்கிப் பாருங்கள், சிலவேளை இறக்கினால்தான் சரிவரும்.

உப்புக்காற்று இணைப்பிகளைத் தின்றுவிடும், தானாக ஒட்டும் ரப்பர் நாடாவைக் கஞ்சத்தனம் பார்க்காமல் சுற்றுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இடிமின்னல் தொடங்குமுன் வயரைக் கழற்றிவிடுங்கள்.