வீட்டைக் காலி செய்யச் சொன்னால்: வாடகைதாரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொன்னதும், வாடகையை நிறுத்திவிட்டு "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடும் வாடகைதாரர்கள் பலர். அதைவிடப் பெரிய தவறு வேறில்லை. தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை நிலுவையே வெளியேற்ற உத்தரவு கோரப் போதுமான காரணம். அதுவரை உருப்படியான காரணம் ஏதும் இல்லாதிருந்த உரிமையாளருக்கு வாடகைதாரரே ஒன்றைத் தேடிக் கொடுத்துவிடுகிறார். நிலுவை கேட்டு அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியுடன் முழுத் தொகையையும் செலுத்திவிட்டால் தப்பிக்கலாம் என்றாலும், அதன் பிறகு ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அந்தச் சலுகை மறுபடி கிடைக்காது.

உரிமையாளர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுப்பதும் உண்டு. அப்போது வங்கி வழியாக அனுப்ப வேண்டும்; அதையும் ஏற்காவிட்டால், இச்சட்டப்படி நியமிக்கப்பட்ட அரசு அலுவலரான வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டம் இடமளிக்கிறது. பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் 'மார்ச் மாத வாடகை' என்று எழுதுவது சின்ன வேலைதான். அது இல்லாவிட்டால், பிற்பாடு அத்தொகையைக் கைமாற்றுக் கடனைத் திருப்பித் தந்ததாக எதிர்த்தரப்பு சொல்ல வழியுண்டு.

வக்கீல் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சரியான முகவரிக்கு வந்த பதிவுத் தபாலை மறுத்தால், அது சேர்ப்பிக்கப்பட்டதாகவே பொதுவாகக் கருதப்படும். வாடகை நீதிமன்ற விசாரணைக்குப் போகாமல் இருந்தாலோ ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்துவிடும். பாதகமான உத்தரவை எதிர்த்து வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம்.

பதினோரு மாத ஒப்பந்தம் என்பதால் பதிவு தேவையில்லை என்ற எண்ணமும் தவறு. வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தமே செய்துகொள்ளாமல் இருப்பது வெளியேற்றத்துக்குத் தனிக் காரணமாகும் என்பதால், உரிமையாளர் இழுத்தடித்தாலும் ஒப்பந்தம் போடக் கேட்டு எழுத்துப்பூர்வமாகக் கடிதம் அனுப்பி வைப்பது நல்லது.

தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால் அந்த ஆத்திரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது. அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை இச்சட்டம் தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து அவற்றை மீட்கலாம். நீதிமன்ற உத்தரவின்றிப் பூட்டுப் போட்டோ சாமான்களை வெளியே எறிந்தோ வெளியேற்றியிருந்தால், 6 மாதத்துக்குள் உரிமையியல் வழக்குத் தொடுத்து வீட்டின் சுவாதீனத்தை, அதாவது குடியிருப்பைத் திரும்பப் பெற வழியிருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குவோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அங்கு இலவச சட்ட உதவி உண்டு.

சமரசமாகக் காலி செய்ய இசைந்தாலும், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. முன்பணம் கைக்கு வரும் நாளும் சாவி ஒப்படைக்கும் நாளும் ஒன்றாக இருக்கும்படி எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிரதியொன்றை வாங்கிக்கொண்ட பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.