கிராம சபைக்கு முன் ஒரு தெருக்கூட்டம்: நடத்துவது எப்படி?

கிராம சபையில் எப்போதும் அதே பத்துப் பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. மைக் முன்னால் எழுந்து நிற்கத்தான் கூச்சம். அவர்கள் பேச்சு சபைக்கு வந்துசேர, முன்பே தெருத்தெருவாகப் போய்க் கேட்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: தேதி
தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். மூன்று வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

படி 2: இடம்
ஊராட்சி அலுவலகத்துக்கு யாரையும் கூப்பிடாதீர்கள், நீங்கள் போங்கள். காலனியில் ஒரு கூட்டம், மேலத்தெருவில் ஒரு கூட்டம் எனத் தனித்தனியாக. பதினைந்து பேர் போதும். எல்லாருக்கும் பாய்தான். நாலு நாற்காலி போட்டால், அதில் யார் உட்காருவது என்பதிலேயே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

படி 3: கேட்பது
இதுதான் கடினம். "என்ன குறை?" என்றால் "ஒண்ணும் இல்லப்பா" என்றுதான் வரும். "நேத்து எத்தனை குடம் தண்ணி பிடிச்சீங்க?" என்று கேளுங்கள். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டபோது ஒரு பாட்டி சொன்னார்: "ரெண்டு. மூணாவது குடம் வைக்கிறதுக்குள்ள நின்னுடுதுப்பா." மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்ததால் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை என்று நினைத்திருந்தோம். மேட்டுத் தெருவுக்கு வால்வு திறந்துவிடும் நேரம்தான் குறைவு.

பதில் வந்ததும் விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். சொன்னதை அவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டி, "சரியா பாட்டி?" என்று கேளுங்கள்.

படி 4: மனு
தெரு, குழாய், நேரம் எல்லாம் குறித்து எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

படி 5: சபை நாள்
பாட்டியோடு தெருவே வரட்டும். கோரம் (quorum), அதாவது சபை செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, முக்கியம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கே 50 பேர் வேண்டும். தீர்மானம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பத்து நாளுக்குள் அதே தெருவில் மறுபடி பாயை விரியுங்கள். வால்வு நேரம் மாறவில்லை என்றால் மாறவில்லை என்றே சொல்லுங்கள். அடுத்த சபை என்றைக்கு என்பதையும் பாட்டியிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.