கீச்சிடும் கார் பிரேக்: கழற்றும் முன் காதால் கேளுங்கள்

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. ஏலத்தோட்டத்துக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ குமுளி ஏறிவிட்டு லோயர் கேம்ப்புக்கு இறங்கும்போது, பாதி வழியிலேயே முன்சக்கரம் கீச்சிட ஆரம்பிக்கும். கேட்டவர் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பேடை மாத்திருங்க." பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை, அதாவது டிஸ்க்கை, இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை. பல நேரம் அதை மாற்றுவது வீண் செலவு. தேய்ந்த பேடும் கத்தும், புதுப் பேடும் கத்தும். எப்போது கத்துகிறது என்று கவனித்தால் ஸ்பேனரைத் தொடும் முன்பே பாதி விடை கிடைத்துவிடும்.

எப்போது கத்துகிறது?

பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒரு மதில் ஓரமாக மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதால் எந்தப் பக்கம் என்று தெரியும்.

காலையில் முதல் நாலைந்து மிதிக்கு மட்டும் கத்திவிட்டு அடங்கினால் ஒன்றும் செய்ய வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பு, சாரல் நாட்களில் ஒரே இரவில் மேலே துரு படியும், பேட் அதைச் சுரண்டி எடுத்துவிடும்.

பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதே மெல்லிய கீச்சொலி கேட்டு, மிதித்தால் மாறுகிறதா? பேட் தேய்ந்துவிட்டது. பல பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். நம்மை எச்சரிக்கத்தான் அது.

கரடுமுரடான சாலையில் போனபின் திடீரென்று கூர்மையாகக் கிறீச்சிட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கலாம். ரிவர்ஸில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள், விழுந்துவிடும்.

மிதிக்கும்போது 'கரகர' என்று இரும்போடு இரும்பு அரைபட்டால் அதற்குமேல் ஓட்டாதீர்கள். பெடல் மெத்தென்று உள்ளே போனாலும் அப்படித்தான். இந்த இரண்டும் மெக்கானிக் வேலை. அதுவும் வண்டியை அவரிடம் ஓட்டிப்போகக் கூடாது, அவரை வரவழைக்க வேண்டும்.

மிச்சமிருப்பது நம் மலைப்பாதையின் சொந்த வியாதி: மிதித்தால் மட்டும் கத்துவது, இறக்கம் முடிந்த பிறகும் விடாமல் கத்துவது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகிப்போகும். பிறகு அது டிஸ்க்கைச் சீராகப் பிடிக்காது. பிடித்து நழுவி, பிடித்து நழுவி, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும். அந்த அதிர்வுதான் நம் காதில் கீச்சாக விழுகிறது.

கழற்றிப் பார்ப்பது

சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை விடக் கூடாது, ஸ்டாண்டும் வேண்டும். டிஸ்க் ஆறும்வரை பொறுங்கள்.

பேடுகளை டிஸ்க்கோடு அமுக்கும் பிடிதான் காலிப்பர். பெரும்பாலான சின்னக் கார்களில் அது தன் பின்பக்கம் இரண்டு போல்ட்டில் நிற்கும். கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட் கைக்கு வந்துவிடும். முழுதாகக் கழற்றினால் காலிப்பரை அதன் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். தூசியை வாயால் ஊதக் கூடாது. பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

இரண்டு பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து தெரியும் பேட் நன்றாக இருந்து, உட்பக்கத்துப் பேட் தேய்ந்திருப்பது சகஜம். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, மேலே உள்ள பொருள் மட்டும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் இடது, வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள். கனம் இருந்து, லேசாகப் பளபளத்தால் உப்புத்தாளில் தேய்த்து மினுமினுப்பை எடுத்தால் போதும். விரிசல் விட்டிருந்தால் தேய்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

இனிமேல்தான் பலர் விட்டுவிடும் வேலை. ஒரு பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஸ்லைடு பின்தான். காலிப்பர் அதில்தான் முன்னும் பின்னும் நகர வேண்டும்; மழைத்தண்ணீர் புகுந்து துரு பிடித்தால் இறுகிக்கொள்ளும். பின்னை உருவி, துடைத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்கள். சாதாரண வீல் கிரீஸ் வேண்டாம், ரப்பர் உறை ஊதிப்போகும். பேடின் முதுகிலும், அது உட்காரும் காதுகளிலும் அதே கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. சத்தம் போகட்டும் என்று டிஸ்க்கில் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் போகும், பிரேக்கும் சேர்ந்தே போகும். என்னைக் கேட்டால், பேட் மாற்றியும் ஒரு மாதத்தில் சத்தம் திரும்புகிறது என்று புலம்புகிற கதைகளில் பெரும்பாலானவை இந்தப் பின்னில்தான் முடியும்.

புதுப் பேட் தடிமனானது, அதனால் காலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சி கிளாம்பால் (திருகி அமுக்கும் பிடி) உள்ளே தள்ள வேண்டியிருக்கும். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொண்டே தள்ளுங்கள். வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஆயில் கறுத்திருந்தாலோ, இரண்டு வருடம் தாண்டியிருந்தாலோ அதையும் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்துச் சூட்டில் சீக்கிரம் கொதித்துப் பெடல் தொய்ந்துவிடும்.

மாட்டிய பிறகு

நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் இருக்காது.

புதுப் பேடோடு நேராக மலை ஏறாதீர்கள். கம்பம்–தேனி சாலையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, மறுபடி எடுத்து, இப்படி எட்டுப் பத்து முறை செய்யுங்கள். இடையிடையே ஆறவிடுங்கள். லேசாக வாடை வரும், பரவாயில்லை. அதற்கப்புறம் குமுளியோ கம்பம்மெட்டோ, இறக்கத்தில் இரண்டாம் கியர். காலை எடுத்து எடுத்து மிதியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சத்தம் நிற்காவிட்டால் டிஸ்க்கின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு உயர்ந்து நின்றால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனால் புதுசுதான். சத்தம் பின்சக்கரத்திலிருந்து வந்தால் அது பெரும்பாலும் டிரம், அதாவது மூடிய உருளைக்குள் வேலை செய்யும் பிரேக். ஸ்பிரிங்கும் லீவருமாக உள்ளே ஒரு கூட்டமே இருக்கும், முதல்முறை செய்கிறவர் அதில் கை வைக்க வேண்டாம்.