பாஸ் எப்போது வரும்? செத்த நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஃபைனல் ஃபேன்டஸி 11 என்ற ஆன்லைன் கேமில் அந்தக் காலத்து பாஸ் (பலர் சேர்ந்து கொல்லும் பெரிய எதிரி) ஃபாஃப்னிர் டிராகன், செத்து 21 மணி நேரம் ஆனதிலிருந்து 24 மணிக்குள், அரை மணிக்கு ஒரு வாய்ப்பு என்று, அதில் ஏதாவது ஒன்றில் மறுபடி வந்தது. இந்த மாதிரி டைமர் உள்ள எந்த கேமிலும் "நேத்து ராத்திரி செத்துச்சு" என்று சொல்வதில் பிரயோஜனமே இல்லை, நிமிடம் வேண்டும். இரவு 11:10-க்குச் செத்தால் மறுநாள் இரவு 8:10-லிருந்து அது வருகிறதா என்று காவல். முதல் வாய்ப்பிலேயே வந்து உடனே செத்தால் அடுத்த நாள் சுமார் மாலை 5:10, அப்புறம் மதியம் 2:10 என்று முன்னால் நகர்ந்துகொண்டே போகும், அதனால் கில்டில் (சேர்ந்து விளையாடும் குழுவில்) சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி நைட் ஷிஃப்ட் ஆள் ஒருவர் இருந்தால் பகல் காவலுக்குத் தங்கம். நாங்கள் ஒருமுறை கோட்டை விட்டது எதிர் கில்டால் இல்லை, வேளச்சேரியில் கரண்ட் போனதால்! சரி, காவலுக்கு எப்போதும் இரண்டு பேர், வேறு வேறு ஏரியாவில்.